நான்காம் கட்டம்

முந்தைய நாள் காலையே தொலைபேசியில் சொல்லிவிட்டோம்.
அதனால் இன்று
கிரிம்ஸ்பியின் இந்தப் பள்ளிச் சுவரெங்கும்
பசை காயாத சுவரொட்டிகள்.
செவிலியர், வெல்டர், காற்றாலைப் பொறியாளர்,
எல்லோருக்கும் ஒரே பல்வரிசை.
கதவு திறக்கும்போதெல்லாம் கடல்காற்றில்
படபடக்கிறது
நிதி ஆலோசகரின் ஒரு காது.

நான் ஆய்வாளன்.
கழுத்தில் அட்டை, கையில் மடிக்கணினி,
அதற்குள் நான் கேட்க வேண்டியவை:
பாரபட்சமில்லாத ஆலோசனை
கடைசி பெஞ்சு வரை போய்ச் சேர்ந்ததா,
பல்கலைக்கழகத்தைச் சொன்ன அதே குரலில்
தொழிற்பயிற்சியையும் சொன்னார்களா,
வேலை செய்யும் மனிதரை
வேலை செய்யும் நேரத்தில்
பிள்ளைகள் பார்த்தார்களா.
நல்ல கேள்விகள்தான்.
இப்போதும் நம்புகிறேன்.

ஹெஸ்டர் பிளான்சர்டு கோப்பைத் திறக்கிறார்.
வாரம் முழுக்கப் புவியியல்,
வெள்ளி மதியம் மட்டும்
எழுநூறு பேரின் எதிர்காலம்.
நான்கு விரற்கடைத் தடிமன்,
மஞ்சள் பச்சை இளஞ்சிவப்பு ஒட்டுச்சீட்டுகள்.
நேற்று தூங்கினீர்களா என்று கேட்கப்
படிவத்தில் இடமில்லை.

பிறகு நூலகத்தில், ஒரு தட்டு பிஸ்கட்டைச் சுற்றி
பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆறு பேர்.

டொமன்டாஸ் தொடங்கினான்:
கம்ப்யூட்டரில் நாற்பது கேள்வி, சார்.
தனியாக இருக்கப் பிடிக்குமா,
கையால் செய்யப் பிடிக்குமா.
பிடிக்கும் பிடிக்கும் என்று அமுக்கினேன்.
கலங்கரை விளக்கக் காவலர் என்று வந்தது.
அந்த வேலையே இப்போது கிடையாதாம்.
எல்லோரும் சிரித்தார்கள். அவனும்.
அம்மா மீன் ஆலையில், குளிரறையில் இருக்கிறாள்.
எனக்கு எந்த வேலையானாலும் சரி,
உள்ளே கதகதப்பாக இருந்தால் போதும்.

இதை நான் தட்டச்சு செய்யவில்லை.
செய்திருக்கலாம்.

அதுவரை பிஸ்கட்டின் விளிம்பை மட்டும்
கொறித்துக்கொண்டிருந்த டீகன் மார்ஃப்லீட்
நிமிர்ந்தாள்.
நீங்கள் எப்படி, சார், இந்த வேலைக்கு?

பதினேழு ஆண்டுகளில் யாரும் கேட்டதில்லை.
வேதியியல் படித்தேன் என்றேன்.
ஏன் வேதியியல்?
பேருந்து அந்தக் கல்லூரி வாசலில்தான் நின்றது.
சொன்ன பிறகுதான் எனக்கே அது கேட்டது.
அப்புறம்?
அப்புறம் ஆசிரியர்.
அப்புறம் தொண்டை போனது.
மனைவி ஒரு விளம்பரத்தை வெட்டி
ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தாள்.
சம்பளம்?
சொன்னேன்.
பிடித்திருக்கிறதா?

வெளியே ஒரு கடற்காகம்
குப்பைத்தொட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்து
மறுபடி போட்டது.
முதல் நாள் பிடிக்கும் என்றேன்.
இரண்டாம் நாள் மாலை, கதவைச் சாத்திக்கொண்டு
தலைமையாசிரியரின் முகம் பார்த்துச் சொல்லும்
அந்த அரை மணி நேரம்
பிடிக்காது.

அவள் பையிலிருந்து கையேட்டை எடுத்தாள்.
வேலை செய்யும் மனிதருடன் சந்திப்பு:
ஆண்டுக்கு ஒன்று, ஏழு கட்டங்கள்.
முதலாவதில் தீயணைப்பு வீரர்.
இரண்டாவதில் வங்கிக்காரர், கூடவே இலவசப் பேனா.
மூன்றாவதில், இணையவழி, சத்தம் கேட்கவில்லை.
நான்காவது காலி.
வர வேண்டியவர் புயலில் வரவில்லை.

கையெழுத்துப் போடுங்கள், சார்.
வேலை நேரத்தில்தானே இருக்கிறீர்கள்.

போடக் கூடாது.
எடைபோட வந்த தராசு
தானே தட்டில் ஏறி உட்காரலாமா.
அலமாரிக்குப் பக்கத்தில் ஹெஸ்டர்
கூரையில் ஏதோ தேடுவதுபோல் நின்றார்.

போட்டேன். தேதியும்.
அதற்குள் டொமன்டாஸின் கையேடு நீண்டது.
அதன் பின்னால் இன்னும் நான்கு.

கற்றுக்கொண்டது என்ற வரியில் டீகன்
நாக்கைக் கடித்தபடி எழுதினாள்.
தலைகீழாகத்தான் படிக்க முடிந்தது:
வேறு பேருந்துகளும்
எங்கே நிற்கின்றன என்று பார்க்க வேண்டும்.

மணி அடித்தது.
மிச்ச பிஸ்கட்டை யாரோ
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள்.